நாண்ட் ஃபிளாஷோட பேஜ் சைஸை சிப்புகிட்டயே கேட்டுக்கோங்க

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரில இலை வாட்டுற தொட்டி மேல சூடும் ஈரப்பதமும் பதியுற சின்ன லாகர் போர்டு ஒண்ணு செஞ்சு மாட்டியிருந்தேன், அதுல ரெக்கார்டு சேக்கறது ஒரு நாண்ட் ஃபிளாஷ் மெமரி சிப், அதை இயக்குற புரோகிராம்ல, அதாவது டிரைவர்ல, பேஜ் (ஒரு தடவ எழுதற அளவு) 2048 பைட், ஸ்பேர் (ஒவ்வொரு பேஜ் பின்னாடியும் இருக்கற கூடுதல் இடம்) 64 பைட்னு கையால எழுதிட்டேன், ஒரு வருஷம் ஜம்முன்னு ஓடுச்சு. அடுத்த தடவ சிப் வாங்கப் போனா அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்னு வேற ஒண்ணக் குடுத்துட்டாங்க. அது 4096 பேஜ். பிளாக்னா ஒண்ணா சேத்து அழிக்கற பேஜ் கூட்டம், அதுல கெட்டுப்போனதுன்னு சிப் செஞ்சவங்க வைக்கற பேட் பிளாக் குறி ஸ்பேரோட ஆரம்பத்துல இருக்கும் இல்லையா, என் டிரைவர் 2048ல போய்ப் பாத்துச்சு, அங்க இருக்கறது டேட்டா இடம், கெட்ட பிளாக்கையும் நல்லதுன்னு நெனச்சு அழிச்சிருச்சு. குறியும் போச்சு, ரெண்டு மாச ரெக்கார்டும் போச்சு.

சரி, செய்ய வேண்டியது. மொதல்ல ரீசெட் கமாண்ட், ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) எஃப்எஃப், ரெடி ஆகற வரைக்கும் பொறுங்க. அப்புறம் ஹெக்ஸ் 90 கமாண்டை ஹெக்ஸ் 20ங்கற அட்ரஸுக்கு அனுப்புங்க, ஓ என் எஃப் ஐன்னு (நாண்ட் சிப்புகளுக்கான ஒரு பொது ஸ்டாண்டர்டோட பேரு) நாலு எழுத்து திரும்ப வந்தா உங்க வேலை பாதி முடிஞ்சுது. அடுத்து ஹெக்ஸ் ஈசி (EC) கமாண்ட், அட்ரஸ் 0, சிப்போட விவரம் எல்லாம் இருக்கற பாராமீட்டர் பேஜ் வரும், 256 பைட், கொறஞ்சது மூணு காப்பி இருக்கும். 80வது பைட்ல இருந்து (இது ஹெக்ஸ் இல்ல, சாதா எண், 0ல இருந்து எண்ணணும்) நாலு பைட் பேஜ் சைஸ், 84ல ரெண்டு பைட் ஸ்பேர், 92ல ஒரு பிளாக்குக்கு எத்தன பேஜ், 96ல ஒரு லன்னுக்கு (சிப்புக்குள்ள தனியா இயங்குற பகுதி) எத்தன பிளாக், 100ல எத்தன லன். எல்லாம் சின்ன பைட் முன்னாடி வர்ற ஆர்டர். கடைசி ரெண்டு பைட் சிஆர்சி, அதாவது படிச்சது தப்பில்லாம வந்துச்சான்னு பாக்கற செக் நம்பர், அதைச் சரிபாக்காம ஒரு நம்பரையும் நம்பாதீங்க, மொத காப்பி தப்புன்னா அடுத்ததப் படிங்க.

சாம்சங், தோஷிபா சிப்பெல்லாம் பெரும்பாலும் அந்த நாலு எழுத்தைச் சொல்லாது. அப்போ 90ஐ அட்ரஸ் 0க்கு அனுப்பி, ஐடின்னு வர்ற பதில்ல நாலாவது பைட்டைப் பிரிக்கணும். என் கையில இருந்த ஒரு 128 எம்பி சாம்சங் ஈசி, எஃப்1, 00, 95, 40ன்னு சொல்லுச்சு. 95ன்னா 1001 0101. கடைசி ரெண்டு பிட் 01, அதாவது 1 கேபியோட ரெண்டு மடங்கு, பேஜ் 2 கேபி. அதுக்கு முன்னாடி பிட் 1, 512க்கு 16 பைட் ஸ்பேர், மொத்தம் 64. நாலு அஞ்சாவது பிட் (0ல இருந்து எண்ணுங்க) 01, 64 கேபியோட ரெண்டு மடங்கு, பிளாக் 128 கேபி. ஆக பிளாக்குக்கு 64 பேஜ், மொத்தம் 1024 பிளாக். ஆனா இது பழைய எஸ்எல்சி (ஒரு செல்லுக்கு ஒரு பிட்) கணக்கு, எம்எல்சிக்கு (ஒரு செல்லுக்கு ஒண்ணுக்கு மேல பிட்) சாம்சங்கும் ஹைனிக்ஸும் அதே பிட்டுக்கு வேற அர்த்தம் வச்சிருக்காங்க, அங்க டேட்டாஷீட்டைப் பாக்காம கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, ஐடியை ரெண்டு தடவ படிச்சு ஒண்ணா இருக்கான்னு பாருங்க, லினக்ஸ் டிரைவரும் இதத்தான் செய்யுது. எங்க ஊர்ல காலைல மூடுபனி எறங்குனா கனெக்டர்ல தண்ணி கோத்துக்கும், நான் பாத்த ஒரு போர்டு ஒன்பது மணிக்கு ஒரு ஐடி சொல்லி, வெயில் வந்ததும் வேற ஐடி சொல்லுச்சு. எல்லாமே எஃப்எஃப் இல்ல எல்லாமே 00ன்னா சிப்பைத் திட்டாதீங்க, ஒயரப் பாருங்க.

கடைசியா எம்டிடிஇன்ஃபோ (லினக்ஸ்ல ஃபிளாஷ் விவரம் காட்டுற புரோகிராம்) ஓட்டி அது காட்டுற பேஜ், பிளாக், ஸ்பேர் மூணையும் டேட்டாஷீட்டோட ஒப்பிட்டுட்டு அப்புறமா எரேஸ் கமாண்டை அடிங்க.