கல், செதுக்கல், மோதிரம்: பழைய முத்திரைக் கற்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய முத்திரை மோதிரம் ஒன்று விற்பனைக்கு வந்தால், அதை மூன்று பொருட்களாக எண்ணிக்கொள்ளுங்கள்: கல், அதில் செதுக்கிய உருவம், கல்லைத் தாங்கும் மோதிரம். மூன்றுக்கும் தனித்தனியே வயது உண்டு. ரோமானியர் காலத்துக் கல் 19ஆம் நூற்றாண்டுத் தங்க மோதிரத்தில் உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணம். உண்மையான பழைய கல்லின் வெறும் முகத்தில் போன வருடம் உருவம் செதுக்கி விற்பதும் நடக்கிறது. புதிதாகச் சேகரிப்பவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒன்றின் பழமையைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் நம்பிவிடுகிறார்கள்.

இங்கே பேசுவது இன்டாக்லியோ எனப்படும் குழிவுச் செதுக்கல் பற்றி. மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால் உருவம் புடைப்பாக எழும். கல்லிலேயே உருவம் புடைத்து நிற்பது கேமியோ. அது முத்திரையிட உதவாது, அதன் சந்தையும் வேறு.

எதில் தொடங்கலாம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்ட சிறு முத்திரைகளில் தொடங்குவது நல்லது. சூதுபவளம் (கார்னெலியன் எனப்படும் செந்நிறக் கல்), மஞ்சள் படிகமான சிட்ரின், பச்சையில் சிவப்புப் புள்ளியுள்ள இரத்தக்கல் ஆகியவற்றில் பெயரெழுத்துகளோ குலச் சின்னமோ செதுக்கியிருக்கும். நிறையக் கிடைக்கின்றன. புதைபொருள் சட்டச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. நல்ல செதுக்கல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் வரும்.

அடுத்து பாரசீக, உதுமானிய, முகலாயப் பெயர் முத்திரைகள். பலவற்றில் ஹிஜ்ரி ஆண்டு பொறித்திருப்பதால் காலம் கணிப்பது எளிது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1250 என்றிருந்தால் 1834-35 வரும். அது முத்திரை வெட்டிய ஆண்டு மட்டுமே. உரியவர் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கலாம்.

களிமண்ணில் உருட்டி அச்சிடும் மெசபடோமிய (பண்டை ஈராக்) உருளை முத்திரைகளைக் கடைசிக்கு விடுங்கள். ஆசை வருவது இயல்புதான். ஆனால் போலியும் கொள்ளைப் பொருளும் மிகுதியாகக் கலந்து வரும் பகுதி அது.

கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும், மூன்று கண்ணாடிகள் சேர்ந்த (ட்ரிப்லெட்) லென்ஸ், சிறிய எல்இடி டார்ச், பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர் (உலோகத் தாடை மென்மையான கல்லைக் கீறும்), 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் இரு பகுதி சிலிக்கோன் புட்டி. தொடக்கத்துக்கு இவை போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லின் மேல் வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

படி 1: கல்லா, கண்ணாடியா?

டார்ச்சைப் பின்னாலிருந்து அடியுங்கள். உருண்டையான குமிழிகளும் பாகு ஓடியது போன்ற சுழிகளும் தெரிந்தால் கண்ணாடி. சூதுபவளத்தில் நிறம் மேகம் மேகமாகவோ பட்டை பட்டையாகவோ திரண்டிருக்கும். கண்ணாடி என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம்: ரோமானியர்களே அச்சில் வார்த்த கண்ணாடி முத்திரைகளை ஏராளமாகச் செய்தார்கள். அவற்றின் விளிம்புகள் மழுங்கியிருக்கும், கருவித் தடம் இராது, மேற்பரப்பு மண்ணில் அரிபட்டு வானவில் நிறம் காட்டும்.

மோதிரத்தில் பதிக்காத தனிக் கல்லானால் அடர்த்தி பார்க்கலாம். முதலில் உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது விலகிய நீரின் எடை. உலர் எடை 1.85 கிராம், நீரில் 0.71 என்றால், 1.85 ÷ 0.71 = 2.61. சூதுபவளமும் அகேட்டும் 2.58 முதல் 2.64க்குள் இருக்கும். செம்மாணிக்கம் போலத் தோன்றும் கார்னெட் 4ஐ ஒட்டி வரும், இரும்புத் தாதுக் கல்லான ஹெமடைட் 5ஐ ஒட்டி வரும். சாதாரணக் கண்ணாடி 2.5.

இங்கே இரண்டு தவறுகள் நேரும். கல்லின் குழிகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும். நீரில் ஒரு துளி பாத்திர சோப்பைக் கலந்தால் குமிழி விலகும். இரண்டாவது, அரை கிராம் கல்லில் 0.01 கிராம் பிழையே விடையை 5 விழுக்காடு நகர்த்திவிடும். அந்த அளவில் கண்ணாடியையும் சூதுபவளத்தையும் இந்த முறையால் பிரிக்க முடியாது. நுண்துளையுள்ள லாபிஸ் லாசுலி, டர்க்காய்ஸ், ஒட்டவைத்த கற்கள் ஆகியவற்றை நீரில் இறக்கவே கூடாது. கீறிப் பார்த்துக் கடினம் அறியும் சோதனையும் இந்தப் பொருட்களுக்கு ஆகாது.

படி 2: செதுக்கலின் வயது

பழங்காலச் செதுக்குநர் சுழலும் உலோக முனையில் எண்ணெயும் எமரி போன்ற கடினப் பொடியும் தடவித் தேய்த்துத்தான் குழி எடுத்தார். அதனால் சிறு சக்கரத்தின் வெட்டு நடுவில் ஆழ்ந்து இரு முனையிலும் படகு போல மெலியும். உருண்டை முனை கிண்ணம் போன்ற குழியை விடும். வைரத்துகள் பதித்த இன்றைய மின் கருவி குழிக்குள் இணைகோடுகளாகக் கீறலையும், ஓரத்தில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்த விளிம்பையும் விட்டுச் செல்லும். ஆழமெல்லாம் ஒரே சீராய், அடி தட்டையாய் இருந்தால் இயந்திர வேலை என்று சந்தேகியுங்கள்.

ஆனால் ரோமானிய வேலையை 18ஆம் நூற்றாண்டு வேலையிலிருந்து பிரிக்கக் கருவித் தடம் மட்டும் உதவாது, இரு காலத்திலும் அடிப்படை முறை ஒன்றே. அங்கே நம்பத்தக்க சாட்சி தேய்மானம். லென்ஸில் கல்லின் முகப்பைப் பாருங்கள்:

- பல திசைகளில் ஓடும் நுண்கீறல்கள், மழுங்கிய வெட்டு விளிம்பு, குழிக்குள் பளபளப்பு காத்துக் கிடப்பது: இயல்பான தேய்மானம்.
- முகப்பு முழுக்கக் கீறியிருந்தும் வெட்டு விளிம்பு மட்டும் கூர்மையாக இருப்பது: கீறலுக்குப் பின்னால் வந்த செதுக்கல். பழைய கல், புது உருவம்.
- குழியின் அடி வரை ஒரே மாதிரி மங்கியிருப்பது: செயற்கையாக முதுமை ஏற்றியது. விரல் தேய்மானம் குழிக்குள் போகாது.

எழுத்து இருந்தால் கல்லில் அது கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்க வேண்டும், அச்சில்தான் நேராக வரும். கல்லிலேயே நேராகப் படிக்க முடிந்தால் இரண்டு வாய்ப்புகள். ரோமானியர் கால எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியிலும் புழங்கிய மந்திரத் தாயத்துக் கற்கள் முத்திரையிட அல்ல என்பதால் நேராகவே எழுதப்பட்டன; இஸ்லாமியத் தாயத்துகளும் அப்படியே. மற்றது, முத்திரை எப்படிப் பயன்படும் என்று அறியாத போலியாளரின் கை.

புகழ்பெற்ற கையொப்பம் இருந்தால் உற்சாகத்தை அடக்கிக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முத்திரையைச் செதுக்கிய டியோஸ்கூரிடீஸின் பெயர் எண்ணற்ற பிற்காலக் கற்களில் உண்டு. போலந்து இளவரசர் ஸ்டனிஸ்வாவ் பொனியதோவ்ஸ்கி ஏறத்தாழ 2,500 கற்களைத் தம் காலத்துச் செதுக்குநர்களிடம் செய்வித்தார். பலவற்றில் பண்டைக் கலைஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1839இல் லண்டனில் ஏலம் போனபின் அவை உலகெங்கும் சிதறின. இன்று அவையும் தம் பெயராலேயே மதிப்புடன் சேகரிக்கப்படுகின்றன, பண்டைக் கற்கள் என்று விற்றால்தான் குற்றம்.

படி 3: அச்செடுத்துப் பார்த்தல்

குழிவைக் கண்ணால் நேராகப் பார்த்து மதிப்பிடுவது கடினம். கலைஞர் அச்சை மனத்தில் வைத்தே வெட்டினார், ஆகவே அச்சைத்தான் பார்க்க வேண்டும். முதலில் கல் மோதிரத்தில் ஆடுகிறதா, விரிசல் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அச்சு வேண்டாம், புகைப்படமே போதும்.

புட்டியின் இரு பகுதிகளையும் சம அளவு எடுத்து, கோடுகள் மறையும் வரை சுமார் 30 விநாடி பிசையுங்கள். லேடெக்ஸ் கையுறை கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பல சிலிக்கோன்களை இறுகவிடாமல் தடுத்துவிடும். கழுவித் துடைத்த வெறுங்கையோ நைட்ரைல் கையுறையோ சரி. 1 செ.மீ. உருண்டையாக்கி, நுனியைக் கூம்பாக்கி, அந்த நுனி உருவத்தின் நடுவில் படும்படி வைத்து வெளிநோக்கி அழுத்துங்கள். தட்டையாக வைத்தால் காற்று அடைபடும். அது அச்சில் உருண்டைக் குழியாகத் தெரிந்து உருவத்தையே மாற்றிக் காட்டும். புட்டி கல்லைத் தாண்டி மோதிரப் பிடியின் இடுக்கில் ஏறக் கூடாது. இழுக்கும்போது கல்லும் கூடவே வந்துவிடும். உறையில் சொன்ன நேரம் முழுக்கக் காத்திருந்து நேராக எடுங்கள். நுண்துளைக் கற்களில் சிலிக்கோன் எண்ணெய் கறையாகும், அவற்றைத் தவிர்க்கவும். உருக்கிய அரக்கு பழைய கல்லுக்கு ஆகாது. சூட்டில் விரிசல் ஓடும்.

உருளை முத்திரைக்குப் புட்டியைப் பட்டையாகத் தேய்த்து, அதன் மேல் முத்திரையை அழுத்தி உருட்டுங்கள். ஒரு சுற்றின் நீளம் விட்டத்தைப் போல் 3.14 மடங்கு: 10 மி.மீ. உருளைக்கு 31 மி.மீ. 45 மி.மீ. பட்டை எடுத்தால் காட்சி முழுதாக வந்து, கொஞ்சம் திரும்பவும் வரும். காட்சி எங்கே தொடங்குகிறது என்று அப்போதுதான் புரியும்.

அச்சின் மேல் டார்ச்சை இடப்பக்கம் மேலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். வாளும் ஈட்டியும் பெரும்பாலும் வலக்கையில் இருக்க வேண்டும். உடலின் எடை ஒரு காலில் நிற்கிறதா, ஆடையின் மடிப்பு உடலைத் தொடர்கிறதா என்று கவனியுங்கள். ஆக்ஸ்போர்டின் பீஸ்லி ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் பழங்காலக் கற்களின் தொகுப்போடு ஒப்பிட்டுப் பழகினால் கண் விரைவில் தேறும்.

படி 4: மோதிரம்

இங்கிலாந்தின் பாத் நகர ரோமானியக் குளியலிடத்திலும், வேல்ஸின் கேர்லியன் ரோமானியக் கோட்டைக் குளியல் கூடத்தின் வடிகாலிலும் உதிர்ந்த ரோமானியக் கற்கள் குவியலாகக் கிடைத்தன. சூட்டிலும் ஈரத்திலும் பிடிமானம் தளர்ந்து கல் விழுந்துவிடும். தனிக் கல் சந்தையில் நிறைய இருப்பதும், பிற்காலத்தில் புது மோதிரம் ஏறியதும் வியப்பில்லை. கல்லுக்கும் பிடிக்கும் இடையே பசை தெரிகிறதா, பிடியின் வடிவம் கல்லோடு பொருந்துகிறதா, வளையத்தின் உட்புறம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: காகிதம்

"பழைய ஐரோப்பியத் தொகுப்பிலிருந்து" என்ற வரிக்குக் காகிதம் இல்லாவிட்டால் மதிப்பில்லை. ஏலப் பட்டியல், தேதியுள்ள ரசீது, பழைய தொகுப்பின் சீட்டு ஆகியவற்றைக் கேளுங்கள். பண்பாட்டுப் பொருட்களின் கள்ள வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை ஆண்டான 1970க்கு முன்பே பொருள் வெளியே இருந்ததற்குச் சான்று இருப்பது பாதுகாப்பு. ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகு சட்டவிரோதமாக வெளியேறிய பொருட்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2003ஆம் ஆண்டுத் தீர்மானம் 1483 தடுக்கிறது. சிரியாவுக்கு 2015இன் தீர்மானம் 2199, வரம்பு 2011 மார்ச் 15. விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் கல் எவ்வளவு அழகாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். தோண்டியெடுத்த இடம் தெரியாமல் போனால் அந்தக் கல்லின் பாதி வரலாறு அழிந்ததாகவே பொருள்.

வைத்துக் காப்பது

தனிக் கல்லைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். குழியில் அடைந்த பழைய அரக்கை எடுக்காதீர்கள், அது பயன்பாட்டின் சாட்சி. அல்ட்ராசோனிக் தொட்டி, அமிலம், பற்பசை எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனி பாலித்தீன் பையில், பாலித்தீன் நுரை மேல் வையுங்கள். கார்னெட்டும் படிகமும் பக்கத்துக் கல்லைக் கீறும். வெள்ளியை ரப்பரோடும் கம்பளியோடும் வைத்தால் கறுக்கும். வெண்கல மோதிரத்தில் வெளிர்பச்சைத் தூள் தோன்றினால் குளோரைடு அரிப்பு தொடங்கிவிட்டது. உடனே மற்றவற்றிலிருந்து விலக்கி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்படி வைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். இரும்பு மோதிரத்துக்கு இந்த அளவு போதாது, அதைத் தனி டப்பாவில் இன்னும் உலர்வாக வையுங்கள்.

அச்சுக்கும் கல்லுக்கும் ஒரே எண் கொடுங்கள். அட்டையில் மி.மீ. அளவு, எடை, வாங்கிய தேதி, விற்றவர் ஆகியவற்றோடு, கல்லின் காலம், செதுக்கலின் காலம், மோதிரத்தின் காலம் என்று மூன்று தனி வரிகள் விடுங்கள். உறுதியில்லாத வரியைப் பென்சிலில் எழுதுங்கள்.