பில்லிங் விண்டோவை மூடிக்கொண்டே இருந்த ஏஜென்ட்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் மாமாவின் துணிக்கடைக்கு கம்ப்யூட்டரைத் தானே இயக்கி வேலை செய்யும் ஒரு ஏஐ ஏஜென்ட் அமைத்துக் கொடுத்தேன். பில்லிங் விண்டோவில் இருக்கும் கணக்கை எடுத்து எக்செலில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எக்செலுக்குப் போகும்போதெல்லாம் அது பில்லிங்கை மூடிவிடும். ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் கால் வைக்க இடமில்லை, பாதி அடித்த பில் போய்விட்டது என்று மாமா போனில் கத்தினார்.

ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அப்புறம்தான் ஏஜென்ட் பயன்படுத்தும் டூல் (அது கூப்பிடும் சிறு நிரல்) என்ன செய்யும் என்று அதற்கு நான் எழுதிய விளக்கத்தையே படித்தேன்: "விண்டோவை நிர்வகிக்கும்." மூடுவது, சுருக்குவது, முன்னால் கொண்டுவருவது எல்லாம் அந்த ஒரே டூலில். இதை வைத்துக்கொண்டு கடைக்குப் புதிதாக வந்த ஆள்கூட சரியாக வேலை செய்ய முடியாது.

மூன்றாகப் பிரித்தேன். மூடும் டூலுக்கு, "விண்டோவை மூடிவிடும், சேமிக்காதது போகலாம். பார்வையிலிருந்து விலக்க மட்டும் என்றால் சுருக்கும் டூலைப் பயன்படுத்து" என்று எழுதினேன். எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற அந்த வரிதான் அதிகம் உதவியது.

ஒவ்வொரு பில்லுக்கும் விண்டோவின் தலைப்பு மாறும், அதனால் தலைப்பை நம்பாமல், திறந்திருக்கும் விண்டோக்களைப் பட்டியலிடும் டூல் தரும் ஹேண்டிலையே (ஒரு விண்டோ திறந்திருக்கும்வரை மாறாத அதன் அடையாள எண்) கொடுக்கச் சொன்னேன். விண்டோஸில் சுருக்கிய விண்டோவின் இடம் -32000 என்று வரும், அதைப் பார்த்து ஏஜென்ட் அங்கே போய் கிளிக் செய்யப் பார்த்தது. அந்த எண் வந்தால் விண்டோ சுருக்கப்பட்டிருக்கிறது, திரையில் இல்லை என்பதையும் விளக்கத்தில் சேர்த்தேன்.

விளக்கத்தை மட்டும் நம்பவில்லை. மூடும் முன் கல்லாவில் இருப்பவரிடம் கேட்கும்படி கோடிலும் ஒரு தடை வைத்திருக்கிறேன்.