ஏழைகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை வறுமைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி?

வறுமைக் கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நின்றுவிட்டால், கோட்டைத் தொட ஐம்பது ரூபாய் மட்டுமே குறைகிற ஒருவரும் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத இன்னொருவரும் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். இந்தக் குறையை 1976இல் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டித் தாமே ஒரு குறியீட்டையும் வகுத்தார். ஆனால் 1984இல் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் என்ற பொருளியலாளர்கள் மூவரும் தந்த முறையையே நான் பரிந்துரைப்பேன். மாவட்டங்களின் மதிப்புகளை மக்கள்தொகை விகிதப்படி கூட்டினால் மாநிலத்தின் மதிப்பு அதில் அப்படியே கிடைத்துவிடும்.

வறுமைக் கோட்டை வகுக்க இந்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2014இல் கிராமப்புறத்துக்கு ஆளுக்கு மாதம் 972 ரூபாய்ச் செலவைக் கோடாக வைத்தது. கணக்கு எளிதாக இருக்க 1,000 என்று கொள்வோம். தலா பத்துப் பேர் வாழும் இரண்டு ஊர்கள். ஒவ்வொன்றிலும் நால்வர் ஏழைகள். முதல் ஊரில் நால்வருக்கும் தலா 600 ரூபாய். இரண்டாம் ஊரில் இருவருக்கு 900, இருவருக்கு 300.

முதலில், எக்செல்லில் ஆளுக்கொரு வரிசை போட்டு, கோட்டிலிருந்து செலவைக் கழித்து 1,000ஆல் வகுங்கள். 600 ரூபாய்க்காரரின் இடைவெளி 0.4, மற்றவர்களுக்கு 0.1, 0.7. இவற்றைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் இரண்டு ஊருக்கும் 0.16தான், வேறுபாடு இன்னும் தெரியாது.

அடுத்து, ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியே வர்க்கப்படுத்திய பிறகே கூட்டி, ஏழைகளின் எண்ணிக்கையால் அல்லாமல் மொத்த மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். முதல் ஊருக்கு 0.064, இரண்டாவதற்கு 0.1 என்று வரும். அடிமட்டத்தில் இருப்பவரின் பள்ளம் இப்போதுதான் எண்ணில் தெரிகிறது.

நான் இடறியதும் இந்தப் படியில்தான். கோட்டுக்கு மேலே இருப்பவர்களின் இடைவெளி எதிர்மறையாக வரும். அதைச் சுழியாக்க நான் மறந்துவிட்டேன். 2,500 ரூபாய் செலவிடுபவரின் −1.5, வர்க்கமானதும் 2.25 ஆகிவிடுகிறது. ஒன்றுமே இல்லாத ஏழையின் மதிப்புகூட 1ஐத் தாண்டாது என்பதால், வசதி உள்ளவரே பரம ஏழையாகக் கணக்கில் ஏறிவிடுவார். வர்க்கம் கழித்தல் குறியை மறைத்துவிடுவதால், பிழை எங்கே என்று தேடிப்பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இதனால்தான் தொடக்கத்தில் புள்ளியியல் மென்பொருளைவிட, ஒவ்வொரு நெடுவரிசையும் கண்முன் நிற்கும் எக்செல்லே நல்லது என்கிறேன்.

பிற்சேர்க்கை: குடும்பவாரியான ஆய்வுத் தரவில் விடை பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு வரிசை என்பது ஓர் ஆள் அன்று, ஒரு குடும்பம். தலைக்குரிய செலவைக் கொண்டு இடைவெளியைக் கண்டபின், அதன் வர்க்கத்தைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையாலும் ஆய்வு தரும் எடையாலும் (அந்தக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்) பெருக்குங்கள். வகுக்கும் எண்ணும், உறுப்பினர் எண்ணிக்கையை எடையால் பெருக்கி எல்லாக் குடும்பங்களுக்கும் கூட்டிய தொகையாக இருக்க வேண்டும்.