"ஐம் குட்"னா டீ ஊத்தணுமா, வேணாமா?

இலங்கையில எல்லங்கிற ஊர்ல ஒரு ஹோம்ஸ்டேல வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு அமெரிக்கக்காரர் கப் காலியா இருந்துச்சு, "மோர் டீ?"ன்னேன், "ஓ, ஐம் குட்"னு சிரிச்சாரு, குட்னா நல்லதுதானேன்னு விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன். பாவம், அதையும் குடிச்சு முடிச்சாரு. திரும்பக் கேட்டேன், திரும்ப ஐம் குட், திரும்ப ஊத்தினேன். மூணாவது தடவ கப்பைக் கையால பொத்துனப்பதான் விளங்குச்சு. ஹோட்டல், கைடு வேலைக்குப் போற தம்பி தங்கச்சிமாருக்காக இத எழுதுறேன்.

படி 1: பதில விடுங்க, முன்னுக்கு என்ன கேள்வி கேட்டீங்கன்னு பாருங்க. "ஹவ் ஆர் யூ"ன்னு கேட்டிருந்தா ஐம் குட்னா நல்லா இருக்கேன், அவ்வளவுதான்.

படி 2: இங்கதான் நான் விழுந்தேன். ஏதாவது வேணுமான்னு கேட்டதுக்கு ஐம் குட் வந்தா, "போதும், வேணாம்"னு அர்த்தம். நம்ம வீட்ல ரெண்டு தடவ வேணாம்னாலும் வற்புறுத்தி ஊத்துவோம்ல, அந்தப் பழக்கத்த இங்க காட்டாதீங்க. "ஐம் குட் ஃபார் நவ்"னா இப்ப வேணாம், பொறகு கேட்டுப் பாக்கலாம்.

படி 3: குட்டுக்குப் பின்னால வர்ற சொல்லப் பாருங்க. குட் அட் குக்கிங்னா சமையல்ல கெட்டிக்காரர், குட் வித் தட்னா அதுக்குச் சம்மதம், லிட்டில் ஆடம்ஸ் பீக் மலை ஏற வாசல்ல நின்னுக்கிட்டு குட் டு கோன்னா ரெடி, கிளம்பலாம். நீங்க இடிச்சுட்டு சாரி சொல்லி அவங்க "யூஆர் குட்"ன்னா பரவாயில்லங்கிறாங்க, ஒங்க குணத்தப் பாராட்டல. "ஹி லெஃப்ட் ஃபார் குட்" வேற கதை, ஒரேயடியா போயிட்டாரு.

மொழிபெயர்ப்பு ஆப்ல வெறும் ஐம் குட்னு மட்டும் தட்டிப் பாக்காதீங்க, நீங்க டீ கேட்டது அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடிச்சது யூக்ளிஷ் (YouGlish)ங்கிற வெப்சைட், சொல்லப் போட்டா யூடியூப்ல ஆளுங்க அத நெசமா பேசுற இடத்தக் காட்டும். கேள்வியும் பதிலும் சேத்து ஒரு சிஆர் கொப்பியில (தடிச்ச அட்ட போட்ட நோட்டுல) எழுதி வைங்க.

பிற்சேர்க்கை: பண்டாரவளையில இருந்து ஒரு தம்பி கமெண்ட்ல கேட்டிருந்தாரு, தங்க வந்தவர்கிட்ட "ஆர் யூ ஆல்ரைட் ஃபார் டவல்ஸ்?"னு கேட்டாராம், "யெஸ், ஐம் குட்"னு பதில் வந்துச்சாம், யெஸ்னதும் ரெண்டு டவல் கொண்டு போயிட்டாராம். அந்தக் கேள்வியே "இருக்குறது போதுமா"ங்கிறதுதான் தம்பி, அதனால யெஸ்னா போதும். "டூ யூ நீட் டவல்ஸ்"னு கேளுங்க, யெஸ்னா கொண்டு போங்க, ஐம் குட்னா அலமாரியிலயே இருக்கட்டும்.