தமிழ் இலக்கணத்தின் துணையோடு மஞ்சு மொழியைக் கற்கத் தொடங்குவது எப்படி?

சீனாவை 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் அரச மரபின் தாய்மொழியான மஞ்சு, துங்குசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தம்மை மஞ்சு இனத்தவர் என்று பதிவு செய்தார்கள்; ஆனால் அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் சான்ஜியாட்சி போன்ற ஓரிரு சிற்றூர்களில் வாழும் முதியவர் சிலர் மட்டுமே. அவ்வூரின் மஞ்சுப் பெயர் 'இலான் போ', அதாவது மூன்று வீடு. படைக்குடிகளாகச் சீன நகரங்களில் குடியமர்த்தப்பட்ட மஞ்சுக்கள் சில தலைமுறைகளிலேயே அண்டை வீட்டாரின் மொழிக்கு மாறினார்கள்; சிங் ஆட்சியை வீழ்த்திய 1911 புரட்சிக்குப் பின் தம்மை மஞ்சு என்று காட்டிக்கொள்ளவே பல குடும்பங்கள் அஞ்சின. பேச்சு இவ்வாறு சுருங்கினாலும் எழுத்து பெருமளவில் எஞ்சியிருக்கிறது. ஆகவே கற்க விரும்புகிறவர் எழுத்திலிருந்து தொடங்குவதே முறை.

மஞ்சு மேலிருந்து கீழாக எழுதப்படுவது. வரிகள் இடமிருந்து வலமாக நகரும். 1599 இல் மஞ்சுத் தலைவர் நூர்ஹாசியின் ஆணைப்படி எர்தெனி, ககாய் என்னும் இருவர் மங்கோலிய எழுத்தை மஞ்சுவுக்குப் பொருத்தினார்கள். அதில் ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நின்றதால், 1632 இல் தாஹாய் என்னும் அறிஞர் புள்ளிகளையும் வட்டங்களையும் சேர்த்தார். குறியின்றி நின்றால் 'க', பக்கத்தில் புள்ளி வைத்தால் 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய 'க', வட்டம் இட்டால் 'ஹ' என்று ஒலிகள் பிரிந்தன. புள்ளியிடாத ஓலைச்சுவடிகளை இடம் நோக்கி வாசித்தவர்களின் வழியில் வந்த நமக்கு, 1632 க்கு முந்தைய ஆவணங்கள் தரும் சிக்கல் எளிதில் விளங்கும். தொடக்கநிலையில் புள்ளியிட்ட எழுத்தை மட்டும் படியுங்கள்.

எழுத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மஞ்சுச் சிறுவர்கள் 'ஜுவன் ஜுவெ உஜு', அதாவது 'பன்னிரண்டு தலைகள்' என்னும் அசை அட்டவணையைச் சொல்லிப் பழகினார்கள்; முதல் தலையில் அ, எ, இ, ந, நெ, நி என்று உயிரில் முடியும் அசைகள் வரும்; மற்ற தலைகளில் அவையே ய், ர், ன் முதலிய ஈறுகளோடு வரும். உயிர்மெய் வரிசையைப் பாடிப் பழகிய நாவுக்கு இதுவே இயல்பான வழி. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் எழுத்தின் வடிவம் மாறும் என்பதால், ஒவ்வோர் அசையையும் மூன்று இடங்களிலும் எழுதிப் பாருங்கள். அகராதிகள் பெரும்பாலும் மொலென்டோர்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த உரோமன் எழுத்துமுறையைப் பின்பற்றுவதால் அதையும் உடன் கற்றுக்கொள்ள வேண்டும்.

இலக்கணத்தைக் கற்கும்போது ஆங்கில விளக்கங்களைச் சுற்றிக்கொண்டு போகாமல், நேராகத் தமிழோடு வைத்துப் பாருங்கள். வினை இறுதியில் வரும். வேற்றுமைக் குறிகள் பெயருக்குப் பின் நிற்கும். 'பி பித்ஹெ பெ ஹூலம்பி' என்றால் 'நான் புத்தகத்தை வாசிக்கிறேன்'. இங்கு 'பி' நான், 'பித்ஹெ' புத்தகம், 'பெ' நம்முடைய ஐ உருபின் வேலையைச் செய்வது. 'அன்பு' என்பதில் வரும் பகர ஒலியை இம்மூன்றுக்கும் கொடுங்கள். அதுபோல 'தெ' என்பது இடத்தையும் கு உருபின் பொருளையும், 'இ' என்பது உடைமையையும், 'சி' என்பது நீங்கலையும் காட்டும்.

வினையெச்சத்தில்தான் ஒப்புமை மிகத் தெளிவாகிறது. 'கெனெ' என்னும் வினையடியோடு 'ஃபி' சேர்ந்தால் 'போய்'. 'சி' சேர்ந்தால் 'போனால்'. 'பி போ தெ கெனெஃபி பித்ஹெ பெ ஹூலஹா' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலே 'நான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை வாசித்தேன்' என்று தமிழாகிவிடுகிறது. மற்ற பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒன்றை நாம் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் மஞ்சு வினையில் இடமும் எண்ணும் காட்டும் விகுதி இல்லை. நான் போனாலும் நீ போனாலும் 'கெனெஹெ' தான். எனவே எழுவாயை விடாமல் எழுதிப் பழகுங்கள்.

'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடு அங்கும் உண்டு: கேட்பவரை விலக்கினால் 'பெ', சேர்த்துக்கொண்டால் 'முசெ'. அண்ணன் 'அஹூன்', தம்பி 'தெவ்', அக்காள் 'எயுன்', தங்கை 'நொன்'. அமா அப்பா, எமெ அம்மா. ஹஹா ஆண், ஹெஹெ பெண். அகரம் ஆணையும் எகரம் பெண்ணையும் குறித்து நிற்கும் இந்தச் சோடிகள், உயிரொலிகள் தம்முள் இசைந்து வரும் மஞ்சு விதியையும் பழக்கிவிடும். 'ஹூலஹா', 'கெனெஹெ' என இறந்தகால விகுதி மாறுவதும் அதே விதியால்தான். இத்தனை ஒப்புமைகளைக் கண்டவுடன் தமிழும் மஞ்சுவும் ஒரே குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலகில் இத்தகைய அமைப்புடைய மொழிகள் பல உண்டு, உறவைக் காட்ட இது போதாது.

காதுக்குப் பயிற்சி வேண்டுமானால் சிபெ மொழியைக் கேளுங்கள். 1764 இல் சியான்லுங் பேரரசர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிபெ வீரர்களைக் குடும்பத்தோடு முக்டனிலிருந்து (இன்றைய ஷென்யாங்) மேற்கு எல்லையின் இலி பள்ளத்தாக்குக்கு அனுப்பினார். சிஞ்சியாங்கின் சப்சால் வட்டாரத்தில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் மஞ்சுவுக்கு மிக நெருங்கிய அம்மொழியைப் பேசுகிறார்கள். எழுத்திலும் சிறு திருத்தங்களுடன் மஞ்சு வடிவத்தையே வைத்திருக்கிறார்கள். பேச்சில் உயிர்கள் பல தேய்ந்திருப்பதால் முதலில் திகைப்பாக இருக்கும். அவர்களிடம் அதை 'கெட்டுப்போன மஞ்சு' என்று சொல்லிவிடாதீர்கள். தாயகத்திலிருந்து வெகு தொலைவில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கப்பட்ட தனி மொழி அது.

வாசிப்புப் பயிற்சிக்குச் சிங் காலச் செப்புக் காசு ஒன்று போதும். சதுரத் துளையின் இருபுறமும் பின்பக்கத்தில் மஞ்சு எழுத்து இருக்கும். இடப்புறம் பெரும்பாலும் 'போ' என்றும் வலப்புறம் நாணயச் சாலையின் பெயரும் காணப்படும். பெய்ஜிங் வருவாய்த் துறைச் சாலையின் காசில் 'போ சியுவான்' என்று வாசிக்கலாம். இந்தப் 'போ' மேலே கண்ட 'வீடு' அல்ல; 'செல்வம்' எனப் பொருள்படும் சீனச் சொல்லின் ஒலிபெயர்ப்பு. அதன் பின் இருமொழிக் கல்வெட்டுகளுக்கும், பிறகு ஆவணங்களுக்கும் செல்லுங்கள். 1689 இல் ரஷ்யாவோடு செய்துகொண்ட நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கைக்கு இலத்தீனிலும் ரஷ்ய மொழியிலும் மஞ்சுவிலும் படிகள் உண்டு. பெய்ஜிங் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் மடல்களும் மஞ்சுவிலேயே குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இணையான சீனப் படி கிடையாது.