பாணன் கையில் தப்பு: கற்பனை விளையாட்டுக்கு இசைக்கருவி அமைக்கும் முறை

நான் கட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டில் வாள்வீரனுக்கு வாள் இருந்தது, மந்திரவாதிக்குக் கோல் இருந்தது. பாணன் கையில் யாழ் என்று ஒரு படம் மட்டும் இருந்தது. பொத்தானை அழுத்தினால் 'தோழர்களுக்கு வலிமை +2' என்று எழுத்து மிதக்கும், அவ்வளவுதான். அந்த யாழைப் பிடுங்கிவிட்டு அகப்பையைக் கொடுத்தாலும் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் வராது.

இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது விடாத மழை. வேலை முடிந்து வந்து, கரண்ட் இருக்கிற நேரத்தில் செய்த வேலை. நீங்கள் அவ்வளவு நாள் இழுக்கத் தேவையில்லை.

கோடோ 4 (விளையாட்டு கட்டும் மென்பொருள்), ஓடாசிட்டி (ஒலியை வெட்டித் திருத்தும் மென்பொருள்), ஒரு போன் இருந்தால் போதும். கோடோவில் ஒரு ஆளை நடக்க வைக்கும் அளவுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யூனிட்டிக்காரர்களுக்கும் கணக்கு இதேதான், பெயர்கள்தான் மாறும். என் பழைய லேப்டாப்பில் யூனிட்டி திறந்து முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும், அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

படி 1: பாணன் என்ன செய்வான்?

குறியீடு எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று செயல்களை எழுதுங்கள். 'வலிமை கூடும்' என்பது செயல் அல்ல. வெளிநாட்டு விளையாட்டுகளைப் புரட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது, நம்மிடமே இருக்கிறதே. பொருநராற்றுப்படையில் பாலைப் பண்ணைக் கேட்ட வழிப்பறிக் கள்வர்கள் கையில் இருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அகநானூறு 102-ஆம் பாட்டில், கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, தினைப்புனத்துக்கு வந்த யானை கதிரையும் தின்னாமல், இடத்தை விட்டும் நகராமல் நின்றபடி தூங்கிப்போகிறது. புறநானூறு 281-இல் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க யாழும் மற்றக் கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள்.

ஆயுதத்தைப் போட வைத்தல், தூங்க வைத்தல், காயப்பட்டவனுக்குக் காவல் இருத்தல். மூன்று பண், மூன்று செயல். இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் 14 செயல் வைத்தேன், எனக்கே எது எதற்கென்று மறந்துபோயிற்று.

படி 2: கருவிக்கு ஒரு ரிசோர்ஸ்

கோடோவில் புதிய ரிசோர்ஸ் (ஒரு பொருளின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கோப்பு) வகை ஒன்றை எழுதி அதில் இவ்வளவும் போடுங்கள்: பெயர், வகை (தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்னும் உலோகக் கருவி), எடை, எத்தனை கை தேவை, எவ்வளவு தூரம் கேட்கும், ஈரம், ஒலிக்கோப்பு. 'எவ்வளவு தூரம் கேட்கும்' என்பதை விட்டுவிடாதீர்கள். என் விளையாட்டில் யாழ் 8 கட்டம் கேட்கும், தப்பு என்னும் பறை 60 கட்டம். தோழனுக்குக் கேட்பது எதிரிக்கும் கேட்கும். இந்த ஒரு எண் வந்ததுமே பாணனை ஆடுகிறவர்கள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

படி 3: சுமை

மலைபடுகடாமில் மலை வழியே போகும் கூத்தர்கள் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், பதலை எல்லாவற்றையும் பையில் கட்டிச் சுமக்கிறார்கள். பலாக்காய்க் கொத்துப் போல, இரண்டு பக்கமும் கனம் ஒத்திருக்கும்படி. அதையே எடுத்துக்கொண்டேன். பாணனுக்கு இடப்பை, வலப்பை என்று இரண்டு. எடை வித்தியாசம் 3-ஐத் தாண்டினால் சரிவில் நடை மெதுவாகும். குறுக்குப் பாதையில் அரிசி மூட்டையோடு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 4: ஒலிப்பதிவு

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மேளச் சத்தங்களை எடுக்காதீர்கள், எல்லா விளையாட்டிலும் அதே சத்தம்தான் கேட்கிறது. எங்கள் கீழ் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். போனைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். உடனே பதிவு செய்துவிடலாம் என்று நினைத்தேன். அவரோ பழைய பேப்பரையும் காய்ந்த தேயிலைக் குச்சியையும் கொளுத்தித் தப்பைச் சூடு காட்ட ஆரம்பித்தார்.

"நேரமாகுமா மாமா?"

"காய்ச்சாம அடிச்சா பொத்துப் பொத்துன்னுதான் கேக்கும். இந்த மூட்டத்துல தோலு தண்ணி குடிச்சிருக்கு தம்பி."

விரலால் ஒரு தட்டு, திருப்பி நெருப்பில், மறுபடியும் ஒரு தட்டு. நாலைந்து முறை ஆனதும் சத்தம் 'டண்' என்று ஏறி நின்றது. அந்தத் திண்ணையில்தான் இந்த விளையாட்டின் முக்கியமான விதி எனக்குக் கிடைத்தது. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

பதிவுக்கு இரண்டு எச்சரிக்கை. போனில் இருக்கும் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்தது. திடீர்ச் சத்தம் வந்தால் தானாகக் குறைத்துவிடும், அடியின் முதல் வெட்டு மழுங்கிப்போகும். இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலி அளவையும் அணைக்க முடிகிற ஆப்பைத் தேடிப் போடுங்கள். இரண்டாவது, தகரக் கூரையில் மழை விழும்போது பதிவு செய்யாதீர்கள். ஓடாசிட்டியில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் தப்பு டப்பாவுக்குள் இருப்பது போலத்தான் கேட்கும்.

ஒற்றை அடிகளை வேவ் கோப்பாகவும் நீண்ட பாட்டை ஓக் கோப்பாகவும் சேமியுங்கள். எம்பி3 வேண்டவே வேண்டாம். கோப்பின் தலையிலும் வாலிலும் சின்ன வெறுமை சேர்ந்துவிடும், திரும்பத் திரும்ப ஓடும் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும்.

யாழுக்கு ஒரு பழைய கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டேன். ஒரே பதிவிலிருந்து எல்லாச் சுரத்தையும் எடுக்கலாம்: ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் பிட்ச் ஸ்கேலை (கோடோவில் ஒலியின் சுருதியை மாற்றும் எண்) 1.0595-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் நாலு அரைச்சுரத்துக்கு மேல் இழுத்தால் அணில் கத்துவது போல ஆகிவிடும். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது 12 அரைச்சுரத்துக்கு, மூன்று பதிவாவது எடுங்கள்.

படி 5: ஈரம் (இங்கேதான் நான் விழுந்தேன்)

ஒவ்வொரு தோற்கருவிக்கும் 0 முதல் 100 வரை ஈரம். மூட்டத்தில் நிமிடத்துக்கு 4 ஏறும், மழையில் 15 ஏறும், நெருப்பருகில் 30 இறங்கும். இறுக்கம் என்பது 1-இலிருந்து ஈரத்தை 200-ஆல் வகுத்துக் கழித்தது. முழுக்க நனைந்தால் இறுக்கம் பாதி.

அந்த இறுக்கத்தை அப்படியே பிட்ச் ஸ்கேலில் போட்டேன். 0.5 என்றால் ஒரு ஸ்தாயி முழுதாகக் கீழே. நனைந்த தப்பு மாதிரியா கேட்டது? கிணற்றுக்குள் ராட்சதன் ஏப்பம் விட்ட மாதிரி இருந்தது. மூன்று நாள் ஒலிக்கோப்பில்தான் பிழை என்று மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டிருந்தேன்.

பிழை கணக்கில் இருந்தது. தோலின் சுருதி இறுக்கத்தின் அளவுக்கு மாறாது, இறுக்கத்தின் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் மாறும். இறுக்கம் 0.5 என்றால் பிட்ச் 0.707, அதாவது ஆறு அரைச்சுரம் இறக்கம். இறுக்கம் 0.8 என்றால் 0.894, கிட்டத்தட்ட இரண்டு அரைச்சுரம். வர்க்கமூலத்தைப் போட்ட அன்றே சத்தம் பாதி சரியாகிவிட்டது.

மீதிப் பாதி: பிட்சைக் குறைத்தால் ஒலி மெதுவாகவும் ஓடும், வால் நீளும். நனைந்த தோலில் சத்தம் நீளாது, சட்டென்று செத்துவிடும். அதனால் ஈரம் ஏற ஏற கூர்மையான ஒலிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரை 8000 ஹெர்ட்ஸிலிருந்து 1200 வரை இறக்குங்கள், வாலையும் சீக்கிரம் தேய விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'டண்' என்பது 'பொத்' ஆகிவிட்டால் சரி.

விளைவையும் இதே எண்ணோடு கட்டுங்கள். இறுக்கம் 0.6-க்குக் கீழே போனால் கேட்கும் தூரம் பாதியாகட்டும். திரையில் ஈர மீட்டர் எதுவும் காட்டாதீர்கள். காதால் கண்டுபிடிக்கட்டும்.

படி 6: தாளம் தவறாமல் அடிப்பது

நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஒரு அடிக்கு 0.667 செக்கன். ஆடுபவர் அதிலிருந்து 0.1 செக்கன் முன்பின் அழுத்தினால் சரி என்று கொள்ளலாம். ஆனால் நேரத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கூட்டி எண்ணாதீர்கள். ஒலி ஓடும் கடிகாரம் வேறு, கொஞ்ச நேரத்தில் இரண்டும் விலகிவிடும். பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று ஒலிப் பிளேயரிடமே கேளுங்கள். அது சொல்லும் இடம் துண்டு துண்டாகத்தான் நகரும். கடைசியாக ஒலி கலந்ததிலிருந்து ஆன நேரத்தை அதோடு கூட்டி, வெளியீட்டுத் தாமதத்தைக் கழியுங்கள். இரண்டையும் கோடோவின் ஆடியோ சர்வர் தரும். தாமதத்தைப் பாட்டு தொடங்கும்போது ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு ஃபிரேமிலும் கேட்டால் கணினி திணறும்.

படி 7: எந்த அடி எதற்கு

விளையாட்டு ஓடத் தொடங்கியதும் பெருமையாக லேப்டாப்பை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் பாணன் யானையைத் தூங்க வைத்தான், கள்வரை விரட்டினான், வெற்றித் தாளம் ஒலித்தது. மாமா சிரிக்கவில்லை.

"யாரு செத்தது?" என்றார்.

பதிவு செய்த அன்று அவர் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக் காட்டியதில் எனக்குப் பிடித்த ஒன்றை வெட்டி எடுத்திருந்தேன். அது சாவு வீட்டு அடி. கலியாணத்துக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. இந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தும் நான் காது கொடுத்துக் கேட்டிருக்கவில்லை. பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இடத்துக்கு) ஆள் கூப்பிடவும் அந்தக் காலத்தில் தப்புத்தான். அடிப்பவரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தி வைத்த காலமும் அதுதான். விளையாட்டில் பாணனை அரசன் எழுந்து வரவேற்பதைப் பார்த்துவிட்டு மாமா, "இது நல்லாருக்கு" என்றார். மற்றதைத் திருத்தச் சொன்னார்.

ஆகவே ரிசோர்ஸில் இன்னொரு வரி சேருங்கள்: 'சந்தர்ப்பம்'. கலியாண ஊரில் சாவு அடி அடித்தால் ஊர்க்காரர்களின் மதிப்பு இறங்கும்; சாவு வீட்டில் சரியாக அடித்தால் சோறும் படுக்கையும் கிடைக்கும். சண்டையே இல்லாமல் பாணனுக்கு வேலை கிடைத்தது இதற்குப் பிறகுதான்.

பின்சேர்க்கை 1: ஹட்டனிலிருந்து ஒரு தங்கை, 'எவ்வளவு சரியாக அடித்தாலும் தவறு என்றே வருகிறது அண்ணா' என்று எழுதியிருந்தார். அவர் ப்ளூடூத் ஹெட்செட்டில் ஆடுகிறார். அதில் சத்தம் 0.2 செக்கன் வரை பிந்தி வரலாம், கோடோ சொல்லும் தாமதத்தில் அது சேராது. தொடக்கத்தில் ஒரு அளவுத் திரை வையுங்கள்: 16 அடி ஒலிக்கும், ஆடுபவர் கூடவே தட்டட்டும், விலகல்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை அவருடைய தாமதமாக எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒருதடவை கொட்டாவி விட்டால் கணக்கே கெட்டுவிடும்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் தப்பை நெருப்பருகிலேயே வைத்துவிட்டு ஆட்டம் முழுக்க ஈரமே இல்லாமல் ஓட்டியிருக்கிறார். கெட்டிக்காரர். மாமாவிடம் கேட்டேன். "அப்பிடி வச்சா தோலு வெடிச்சிரும்" என்றார். இப்போது ஈரம் 0-க்கு வந்து 20 செக்கனுக்கு மேல் நெருப்பில் இருந்தால் தோல் கிழியும், புதுத் தோலுக்கு அடுத்த ஊர் வரை நடக்க வேண்டும்.