அம்மாவுடன் மாலத்தீவு: படகுக்கும் பிளக்குக்கும் நான் செய்த ஏற்பாடு

மாலத்தீவு போவதென்று முடிவானதும் எனக்கு விசா பற்றிக் கவலை இல்லை. இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ (IMUGA) என்ற பயண விவரப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

கவலை படகுதான். விமான நிலையத்திலிருந்து மாஃபுஷி தீவுக்கு ஸ்பீட்போட்டில் போக வேண்டும். அம்மாவுக்கோ ஏற்காடு மலைப்பாதையிலேயே குமட்டும். பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகும் வாந்தி மாத்திரையை எங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கினேன். அதைப் படகு ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அவ்வளவாகக் கேட்காது. படகின் முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும் என்பதால், அம்மாவைப் பின்பக்கம் காற்றுப்படும்படி உட்காரவைத்தேன். தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு தடவைகூட வாந்தி இல்லை, எனக்கு அப்படியொரு நிம்மதி!

அப்புறம் பிளக். அங்கே பெரும்பாலும் மூன்று செவ்வகத் துளை சாக்கெட். மேல் துளையில் நீளமான பின் நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். நம் ஊர் உருண்டைப் பின் போகாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே ஒரு அடாப்டர் வாங்கி, அதில் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டினேன். எல்லார் மொபைலும் ஒன்றாக சார்ஜ் ஆனது. பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.